திறக்காத கோப்புக்குள் இருக்கும் குரல்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1955இல் தொடங்கிய வரிசை அதோடு நின்றுபோனது. அந்தக் கடைசி வருஷம் இருபது வயதில் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, முத்துச்சிப்பிப் படுகையான பாருக்கு இறங்கியவர் இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். திரேஸ்புரத்திலும் புன்னைக்காயலிலும் அப்படி இருப்பவர்கள் மிகச் சிலர். வருஷத்துக்கு வருஷம் அந்தச் சிலரும் குறைகிறார்கள்.

இந்தக் கரையின் முத்தைப் பற்றியும் சங்கைப் பற்றியும் எழுதப்பட்டது கொஞ்சமில்லை. 1890களில் எட்கர் தர்ஸ்டன் எழுதினார். ஜேம்ஸ் ஹோர்னெல் முத்துப் பார்களை அளந்து அறிக்கை கொடுத்தார், சங்கைப் பற்றி 1914இல் தனி நூலே எழுதினார். 1973இல் இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமியும் அவரோடு இருந்தவர்களும் சிப்பிக்குள் முழு உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள், அதற்கும் ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. சிப்பியின் வயது, பாரின் ஆழம், ஏலத்தில் வந்த பணம் எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் தன் வாயால் சொன்னதுதான் மிகக் குறைவு. அது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் போனிலும் மெமரி கார்டிலும்தான் கிடக்கிறது. அதனால் அப்படி ஒரு கோப்பு கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

போன வருஷம் திரேஸ்புரத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்லூரியில் படிக்கும்போது கையடக்க ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கி, வீட்டு நடையில் தாத்தாவை உட்காரவைத்துப் பேச்சைப் பதிந்திருக்கிறான். தாத்தா முத்தும் குளித்தவர், பிறகு சங்கும் குளித்தவர். பேச்சு முடிகிற நேரத்தில் பேட்டரி தீர்ந்து கருவி தானாக அணைந்துவிட்டது. அப்புறம் போட்டுக் கேட்கலாம் என்று கார்டை எடுத்து வைத்துவிட்டான். சில மாதங்களில் தாத்தா போய்விட்டார்.

"ஃபைல் இருக்குண்ணே. அளவும் காட்டுது. ஆனா ஆடாசிட்டில திறக்க மாட்டேங்குது. ஒரு கடையில காட்டுனேன், கரப்ட் ஆயிட்டு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

ஒலிக்கோப்பு விஷயத்தில் 'ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்வதற்கு முன்னால் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்காக அல்ல, வீட்டில் இப்படி ஒரு கார்டு வைத்திருக்கிறவர்களுக்காக.

முதல் காரியம், அந்தக் கார்டில் இனி எதையும் எழுதக் கூடாது. கேமராவில் போட்டு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. விண்டோஸ் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 'பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா' என்று கேட்டாலும் அதே பதில்தான். அது சரிசெய்வது கார்டின் அட்டவணையை. அந்த வேலையில் உங்கள் கோப்பின் துண்டுகளைப் பிரித்து வேறு பெயரில் போட்டுவிடக்கூடும், இருந்த தடயத்தையும் அழித்துவிடக்கூடும். பெரிய எஸ்.டி. கார்டானால் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு விசை இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு அப்புறம் கணினியில் போடுங்கள். மைக்ரோ எஸ்.டி. கார்டில் அது கிடையாது, அதைச் செருகுகிற அடாப்டரில் இருக்கும்.

இரண்டாவது, கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுப்பது. வழக்கமான காப்பி-பேஸ்ட் இதற்குப் போதாது. கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, காலியாகத் தெரிகிற இடத்தையும் சேர்த்து எடுக்கிற பிரதி வேண்டும். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ இருக்கிறது. படிக்க முடியாத இடம் வந்தால் அதைத் தாண்டிப் போய் மற்றதை எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து விட்டதை மீண்டும் முயலும். உப்புக்காற்றில் கிடந்து பழுதான கார்டுகளுக்கு அதுதான் ஏற்றது. பிரதி எடுத்த பிறகு கார்டை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். இனி வேலை எல்லாம் பிரதியில்தான்.

இனி கோப்பு ஏன் திறக்கவில்லை என்று பார்ப்போம்.

இந்த மாதிரி ரெக்கார்டர்கள் பெரும்பாலும் வேவ் கோப்பாகத்தான் பதியும். மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991இல் கொண்டுவந்த வடிவம் அது. முன்னால் சின்னதாக ஒரு ஹெடர், அதன் பின்னால் நீளமாக ஒலி. எளிய வேவ் கோப்பில் ஹெடர் வெறும் 44 பைட். சில கருவிகள் தேதி, நேரம், கருவியின் பெயர் என்று கூடுதல் குறிப்பு எழுதும், அப்போது இன்னும் நீளும். எத்தனை சேனல், விநாடிக்கு எத்தனை மாதிரி (சாம்பிள்), ஒரு மாதிரிக்கு எத்தனை பிட், பின்னால் வரும் ஒலி மொத்தம் எத்தனை பைட் என்பதெல்லாம் அந்த ஹெடரில்தான் இருக்கும்.

பதிவு தொடங்கும்போது மொத்த அளவு எவ்வளவு என்று கருவிக்குத் தெரியாது. அதனால் அந்த இடத்தில் சுழியத்தை எழுதி வைத்துக்கொண்டு ஒலியை எழுதத் தொடங்கும். நாம் ஸ்டாப் பொத்தானை அமுக்கும்போதுதான் திரும்பி வந்து சரியான அளவை நிரப்பும். நடுவில் பேட்டரி போனால் ஒலி எல்லாம் எழுதியிருக்கும், அளவு மட்டும் சுழியமாகவே நிற்கும். நம் துறைமுகத்தில் சரக்கு நிறைந்த கண்டெய்னர் ஒன்று வந்து நிற்க, மேனிஃபெஸ்டில் சரக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? காகிதத்தைப் பார்க்கிறவர் காலி என்றுதான் சொல்வார். எடிட்டிங் மென்பொருளும் ஹெடரைப் படித்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று கோப்பைத் தள்ளிவிடுகிறது. தாத்தாவின் குரல் உள்ளேயேதான் இருக்கிறது.

இதை உறுதிசெய்துகொள்ள எச்.எக்ஸ்.டி. மாதிரி ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் பிரதியிலுள்ள கோப்பைத் திறந்து பாருங்கள். வேவ் கோப்பென்றால் முதல் நான்கு பைட் 52 49 46 46 என்று இருக்கும். அடுத்த நான்கும் 00 என்றால் அளவு நிரப்பப்படவில்லை என்று அர்த்தம். அப்படியே கீழே இறங்கி வாருங்கள். எண்கள் ஒழுங்கில்லாமல் கலந்து ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே ஒலி இருக்கிறது, நம்பிக்கையோடு மேலே போகலாம். தொடக்கத்திலிருந்து கடைசி வரை 00 மட்டும், அல்லது எஃப் எழுத்து மட்டும் வரிசையாக இருந்தால் அந்தக் கோப்பில் ஒன்றும் எழுதப்படவில்லை. அப்போது கோப்பை விட்டுவிட்டுக் கார்டின் பிரதி முழுவதிலும் தேடவேண்டும். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

தம்பியின் கோப்பில் எண்கள் ஓடின. அளவு ஏறத்தாழ 90 கோடி பைட். இந்த ஒரு எண்ணை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். 48,000 மாதிரி, 24 பிட், இரண்டு சேனல் என்றால் விநாடிக்கு 2,88,000 பைட். 90 கோடியை இதால் வகுத்தால் 3,125 விநாடி, அதாவது 52 நிமிஷம். அதே கோப்பு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு சேனல் என்றால் விநாடிக்கு 1,76,400 பைட், மொத்தம் 85 நிமிஷம். எவ்வளவு நேரம் பேசினார் என்று தம்பியிடம் கேட்டேன். "ஒரு மணி நேரத்துக்குள்ளதான்ணே, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிட்டோம்." அப்படியானால் முதலில் முயலவேண்டியது 24 பிட், 48,000 என்று தெரிந்துவிட்டது. அதனால் இப்படிக் கோப்பு கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எவ்வளவு நேரம் பேசினார்கள், எந்தக் கருவியில் பதிந்தார்கள் என்ற இரண்டையும்தான்.

ஆடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா என்று ஒரு வழி இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் அது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் தொடங்கி 2000இல் வெளியிட்டது. நம் ஊரில் கோயில் பாடல், கொயர் பதிவு, கல்யாண வீடியோ என்று ஒலி வேலை செய்கிற பலர் அதில்தான் கை பழகியிருப்பார்கள். ஆனால் இந்த ரா டேட்டா பக்கம் வந்தவர்கள் குறைவு. அதில் கோப்பைக் கொடுத்தால் ஹெடரைத் தேடாது, நாம் சொல்கிறபடி பைட்டுகளை ஒலியாக வாசிக்கும். எத்தனை பிட், பைட்டுகளின் வரிசை எப்படி, எத்தனை சேனல், தொடக்கத்தில் எத்தனை பைட்டைத் தள்ளவேண்டும், விநாடிக்கு எத்தனை மாதிரி என்று கேட்கும். வேவ் கோப்புக்கு 'சைன்டு பி.சி.எம்.', 'லிட்டில் எண்டியன்' என்று கொடுங்கள். தள்ளவேண்டியது 44. ஹெடர் நீளமான கருவியானால் அந்த எண் கூடும், ஹெக்ஸ் எடிட்டரில் 64 61 74 61 என்ற நான்கு பைட்டைத் தேடிப் பிடித்து, அதன் பின்னால் இன்னும் நான்கு பைட் விட்டால் ஒலி தொடங்கும் இடம் வரும்.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். ஓடவிடுவதற்கு முன் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள், ஹெட்போனைக் காதில் வைக்காதீர்கள். அமைப்பு ஒன்று தவறினாலும் முழு அளவில் இரைச்சல் பாயும், காதுக்கும் ஸ்பீக்கருக்கும் கேடு.

இரைச்சல் வந்தால் மனம் தளரவேண்டாம். எப்படிப்பட்ட இரைச்சல் என்று கவனியுங்கள், எது தப்பு என்று அதுவே சொல்லும். பிட் எண்ணிக்கையோ தொடக்க இடமோ தவறினால் ஓயாத சீறல் வரும், அலைவடிவம் திரையின் மேலும் கீழும் அடைத்துக்கொண்டு கட்டையாகத் தெரியும். 24 பிட் ஸ்டீரியோவில் இரண்டு சேனலும் சேர்ந்து ஒரு மாதிரிக்கு 6 பைட். தொடக்க இடத்தை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திப் பார்த்தால் மூன்றுக்கு ஒன்று கட்டாயம் சுத்தமாக வரும். மூன்று பைட் நகர்ந்திருந்தால் குரல் சரியாகக் கேட்கும், இடது வலது மட்டும் இடம் மாறியிருக்கும். ஸ்டீரியோவை மோனோ என்று கொடுத்துவிட்டால் பேச்சு பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். மோனோவை ஸ்டீரியோ என்று கொடுத்தால் இரட்டை வேகத்தில் கீச்சென்று ஓடும். இவையெல்லாம் கேட்ட உடனே பிடிபட்டுவிடும்.

பிடிபடாத தவறு ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை. 48,000இல் பதிந்ததை 44,100 என்று கொடுத்தால் குரல் தெளிவாகவே வரும். வேகம் கொஞ்சம் குறையும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும், 52 நிமிஷப் பேச்சு 56 நிமிஷத்துக்கு மேல் ஓடும். வயசானவர் நிதானமாகப் பேசுகிறார் என்று நாமும் ஏற்றுக்கொண்டுவிடுவோம். வீட்டுக்காரர்கள் கேட்டால் மட்டும் 'தாத்தா குரல்தான், ஆனால் ஏதோ மாதிரி இருக்கே' என்பார்கள். அந்த 'ஏதோ மாதிரி'யை அலட்சியப்படுத்தக் கூடாது. தாத்தா நடுவில் ஒரு அம்பாப் பாட்டைப் பாடிக் காட்டியிருந்தால், வலை இழுக்கிற கைகளுக்கு ஏற்ற தாளத்தையே நாம் மாற்றிவிடுகிறோம். நாளைக்கு அதை ஆராய்கிறவர் தவறான வேகத்தையும் தவறான சுருதியையும் எழுதி வைப்பார்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. பாரிஸில் எதுவார்-லேயோன் ஸ்காட் என்பவர் 1860 ஏப்ரல் 9 அன்று ஒரு பாட்டைப் புகைக்கரி பூசிய காகிதத்தில் கோடாகப் பதிந்தார். எடிசனின் போனோகிராஃபுக்குப் பதினேழு வருஷம் முந்தியது அது. அந்தக் கோட்டைக் கணினியில் ஒலியாக மாற்றி 2008இல் அமெரிக்காவில் ஓடவிட்டார்கள். ஒரு சிறுமியோ பெண்ணோ பாடுவதாக உலகமே கேட்டது. அடுத்த வருஷம்தான் தவறு புரிந்தது. ஸ்காட் பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு இசைக்கவையின் அதிர்வையும் பதிந்து வைத்திருந்தார். அது விநாடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதை ஆய்வாளர்கள் இரண்டு மடங்காகக் கணக்கிட்டுவிட்டார்கள். வேகத்தைப் பாதியாக்கினார்கள். பாடியது ஒரு ஆண், பெரும்பாலும் ஸ்காட்டேதான்.

நம்மிடம் இசைக்கவை கிடையாது. அதற்குப் பதில் மின்சாரம் இருக்கிறது. இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. வீட்டில் பதிந்த பேச்சில் பெரும்பாலும் ஃபிரிட்ஜோ மின்விசிறியோ டியூப்லைட்டோ மெல்லிய ரீங்காரம் ஒன்றை விட்டிருக்கும். யாரும் பேசாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியில் பிளாட் ஸ்பெக்ட்ரம் போட்டு, அளவைப் பெரிதாக வைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் முள் மாதிரி எழுந்து நின்றால் உங்கள் அமைப்பு சரி. 46 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றால் 48,000ஐ 44,100 என்று வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் எந்தப் பதிவையும் திருப்பிக் கொடுப்பதில்லை.

தம்பியின் கோப்பு 48,000, 24 பிட் என்று கொடுத்ததுமே பேசியது. முதலில் காக்கைச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், அப்புறம் தாத்தா. பாருக்கு இறங்குவதைச் சொல்கிறார். கரையில் எதையும் எதையும் நேர்பார்த்து வள்ளத்தை நிறுத்துவது, நீவாடு (நீரோட்டம்) மாறினால் அன்றைக்குக் குளிப்பு இல்லை என்பது, மேலே கயிறு பிடிக்கிறவனை நம்பித்தான் கீழே மூச்சு என்பது. தொள்ளாயிரம் பார் என்று பெயர் சொல்லும்போது குரல் நிமிர்கிறது. நாற்பதாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் திடீரென்று இரைச்சல் அடித்தது. அதிலிருந்து கடைசி வரை இரைச்சல்தான்.

இதற்கும் வழி உண்டு. நடுவில் சில பைட் விடுபட்டுப்போயிருந்தால் அதன் பிறகு வரும் எல்லாமே ஒரு பைட்டோ இரண்டு பைட்டோ தள்ளி வாசிக்கப்படும். ஒலி கெடவில்லை, வரிசை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே கோப்பை இன்னொரு முறை இம்போர்ட் செய்து, தொடக்க இடத்தை ஒரு பைட் கூட்டிக் கொடுங்கள். இப்போது முன்பகுதி இரைச்சலாகி, பின்பகுதி பேசினால் வேலை முடிந்தது. வராவிட்டால் இரண்டு பைட். பேசுகிற பகுதிகளை இரண்டு டிராக்கிலிருந்தும் வெட்டி ஒட்டவேண்டியதுதான். ஒட்டிய இடத்தை மறைக்காதீர்கள். எந்த நிமிஷத்தில் எது விடுபட்டது என்று கூடவே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். தம்பியின் பதிவில் ஒரு சொல் மட்டும் போயிற்று. எந்தச் சொல் என்று பாட்டி கேட்டுவிட்டு உடனே சொன்னார்கள். அதைக் குறிப்பில் எழுதினோம், ஒலியில் கைவைக்கவில்லை.

கோப்பு 0 பைட் என்று காட்டினால் விஷயம் வேறு. கார்டின் அட்டவணையில் அளவு ஏறுவதற்கு முன்னாலேயே கருவி அணைந்திருக்கும். ஒலி கார்டில் கிடக்கும், அட்டவணைக்குத் தெரியாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கார்டின் பிரதியில் ஓடவிட்டால், அட்டவணையைப் பார்க்காமல் கோப்புகளின் அடையாள பைட்டுகளைத் தேடி எடுத்துவரும். அதிலும் அகப்படாவிட்டால், பிரதியையே துண்டு துண்டாக ரா டேட்டாவில் கொடுத்து அலைவடிவத்தைக் கண்ணால் தேடலாம். பேச்சின் வடிவம் தனியாகத் தெரியும், பேச்சுக்குப் பேச்சு இடைவெளி விட்டு மேடும் பள்ளமுமாக வரும். புதிதாக ஃபார்மட் செய்த கார்டில் பதிந்திருந்தால் ஒலி ஒரே தொடர்ச்சியாகக் கிடக்கும், சுலபம். பல பதிவுகளை அழித்து அழித்துப் பயன்படுத்திய கார்டில் துண்டுகள் சிதறியிருக்கும், அது நாள்கணக்கில் இழுக்கிற வேலை.

போனில் பதிந்தது பெரும்பாலும் எம்4ஏ. அதில் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் போன் அணைந்தால் அட்டவணையே இருக்காது. அப்போது அதே போனில், அதே ஆப்பில், அதே அமைப்பில் புதிதாக ஒரு நிமிஷம் பதிந்து, அந்த நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்தால் கெட்டதைத் திருப்பிக் கட்டித்தர மென்பொருள்கள் உண்டு. ஆகையால் பழைய போனைத் தூக்கி எறியாதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் கொடுத்துவிடாதீர்கள். எம்பி3 இதைவிட உறுதியானது. அது சிறு சிறு சட்டங்களாக, ஒவ்வொன்றும் தன் ஹெடரோடு போகும். நடுவில் நாலைந்து கெட்டாலும் ஒரு சின்ன 'கிளிக்' வந்துவிட்டு மேலே ஓடும்.

ஆடாசிட்டியின் பிராஜக்ட் கோப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், எங்கள் ஊரில் நிறையப் பேர் அதில்தான் ஒலியை இழக்கிறார்கள். 2021இல் மூன்றாம் பதிப்பு வருவதற்கு முன் பிராஜக்ட் என்பது ஒரு சின்னக் கோப்பும் அதன் பக்கத்தில் 'டேட்டா' என்று முடியும் ஒரு ஃபோல்டருமாக இருந்தது. ஒலி முழுவதும் அந்த ஃபோல்டருக்குள்தான். சின்னக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் வெறும் பட்டியல்தான் போகும். அந்தக் காலத்தில் செய்த கொயர் பதிவு, வியாகுலப் பிரசங்கப் பதிவு ஏதாவது வைத்திருந்தால், பழைய கணினியை விற்பதற்கு முன் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பு. ஆனால் வேலை நடுவில் கணினி நின்றுபோனால் பக்கத்திலேயே அதே பெயரில் 'வால்' என்று முடியும் இன்னொரு கோப்பு மிச்சம் இருக்கும். குப்பை என்று அதை அழித்துவிடாதீர்கள், கடைசியாகச் செய்தது அதில் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே வைத்து ஆடாசிட்டியைத் திறந்தால் அதுவே மீட்டுத்தரக் கேட்கும்.

மீட்டாயிற்று. இனிச் சுத்தம் செய்யலாமா? இங்கே எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. மூலத்தில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடவே கூடாது. கேட்பதற்கு வசதியாகத் தனியாக ஒரு பிரதி செய்து, காற்றின் உறுமலைக் குறைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. வைத்துக் காப்பாற்றுகிற பிரதியில் கடல் இருக்கவேண்டும், காக்கை இருக்கவேண்டும், தூரத்தில் வள்ளத்தின் எஞ்சின் இருக்கவேண்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அலைக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாது, வயசானவர் சொல்லின் முடிவில் விடுகிற மூச்சையும் அது சேர்த்துத் துடைத்துவிடும். மூச்சை வைத்துப் பிழைத்தவரின் மூச்சைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

காப்பாற்றுகிற பிரதியை வேவாகவோ ஃபிளாக்காகவோ வையுங்கள். ஃபிளாக்கில் ஒலி ஒரு துளியும் குறையாது, இடம் மிச்சமாகும். ஒலியின் எம்.டி.5 முத்திரை ஒன்றும் உள்ளேயே இருக்கும், பத்து வருஷம் கழித்துக் கோப்பு கெட்டிருக்கிறதா என்று ஒரு கட்டளையில் சோதித்துவிடலாம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது சுருக்கியதாக இருக்கலாம்.

எங்கே வைப்பது என்பதும் இந்தக் கரையில் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. ஊருக்குள் தண்ணீர் நின்ற நாட்களில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது எதுவும் தப்பவில்லை. ஒரே தெருவில் மூன்று பிரதி இருந்தாலும் அது ஒரு பிரதிதான். ஒன்றாவது வேறு ஊரில், சொந்தக்காரர் வீட்டிலாவது இருக்கட்டும். குடும்பம் சம்மதித்தால் ஆவணக் காப்பகம் ஒன்றில் சேருங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஈழத்தில் நூலகம் நிறுவனம் நடத்தும் ஆவணகம் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் வைக்கிறது. யாழ்ப்பாண நூலகத்தை நெருப்பில் இழந்தவர்கள் இந்த வேலையை எவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்று பாருங்கள், நமக்கும் ஒரு பாதை தெரியும்.

திரேஸ்புரம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று இந்தக் கரை நெடுக இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். திறக்காத கோப்போடு ஒரு கார்டோ பழைய போனோ வீட்டில் கிடந்தால் அதை ஃபார்மட் செய்யாதீர்கள், கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்னதைப் பிரதியில் முயன்று பாருங்கள், முடியாவிட்டால் தெரிந்தவரிடம் பிரதியைக் கொடுங்கள். முத்துக் குளித்தவரோ சங்கு குளித்தவரோ இன்னும் வீட்டில் இருந்தால், புது பேட்டரி போட்ட கருவியோடு இந்த வாரமே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேசி முடித்ததும் ஸ்டாப் பொத்தானை அமுக்கிவிட்டு, அங்கேயே ஒரு முறை ஓடவிட்டு அவருக்கும் கேட்கக் கொடுங்கள்.